கரைக்கு நானூறு மீட்டர்

வோரோன்யா, பெய்ப்சி ஏரியின் மேற்குக் கரை
டிசம்பர் 6, 1998

மதிப்புக்குரிய கிளாவ்தியா பெத்ரோவ்னாவுக்கு,

மகார் அண்ணனின் தங்கை உஸ்தின்யா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

நீங்கள் போட்ட நாலு வரிக் கடிதம் நேற்று வந்தது. அண்ணன் போய் இருபத்தோரு நாள் கழித்து எனக்குத் தெரிகிறது. நடுவில் இருப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் ஏரி. கடிதம் மட்டும் தாலின், மாஸ்கோ, ப்ஸ்கோவ் என்று தேசாந்திரம் போய்விட்டு வருகிறது. ஒரு தந்தி கொடுத்திருக்கக் கூடாதா? நாய் செத்தால்கூடப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள்.

இங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணனுக்கென்று இடம் விட்டு வைத்திருந்தேன். நீங்கள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டீர்கள். தாடியை மழித்துவிடவில்லையே? எங்கள் முறைப்படி யாராவது நின்று பாடினார்களா? இதைக்கூடக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மனசில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். அம்மா இறந்தபோது அண்ணன் வரவில்லை. அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம், கோடையில் ஒரு தடவை, பனியில் ஒரு தடவை, தவறாமல் வந்தவர். தேசம் உடைந்து ஏரி நடுவே எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள், சரி. ஆனால் அதற்கப்புறம் இந்த ஐந்தே முக்கால் வருஷத்தில் ஒரு வரி எழுதவில்லை. அவரைத் தடுத்தது எல்லைக்கோடா, வீட்டில் இருந்தவரா என்று எனக்குத் தெரியாது.

அவருடைய ஜபக்கயிறு இருந்தால் அனுப்பி வையுங்கள். அப்பா தன் கையால் பின்னியது.

உஸ்தின்யா


ஸ்பித்சினோ, கிழக்குக் கரை
ஜனவரி 10, 1999

உஸ்தின்யா,

தாடி அப்படியே இருந்தது. வெள்ளைச் சட்டை, இடுப்புக் கச்சை, எல்லாம் உங்கள் முறை. பதினாலு கிலோமீட்டர் தள்ளி உங்கள் மதத்துக் கிழவர் ஒருவர் இருக்கிறார். அவரை வண்டி வைத்து அழைத்து வந்தேன். மூன்று மணி நேரம் நின்று பாடினார். ஒரு வாய் தண்ணீர்கூட என் வீட்டில் குடிக்கவில்லை. எனக்கு அது பழக்கம்தான்.

காலையில் படகுக் கொட்டகையில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு நான் அளவுக் கம்பத்தில் ஏரியின் நீர்மட்டம் குறிக்கப் போகும்போது, "கிளாவா, இன்னிக்கி எவ்வளவு காட்டுதுன்னு வந்து சொல்லு" என்றார். நான் திரும்பி வந்து சொன்னேன். ஊசி பிடித்த கை நின்றுபோயிருந்தது. வலை மடியில் இருந்தது.

தந்தி கொடுத்தால் நீ என்ன செய்திருப்பாய்? விசாவுக்கு மூன்று வாரம். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து பரிதவித்திருப்பாய். அந்தப் பரிதவிப்பை ஒரு முறை இந்த வீட்டில் பார்த்துவிட்டேன். இன்னொருத்திக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். தப்பென்றால் தப்புதான்.

ஜபக்கயிறு அவரோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக அறுபத்தாறாம் வருஷத்து ஆழப்படத்தின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆறு வாரம் உங்கள் வீட்டில் தங்கி, உன் அண்ணன் துடுப்புப் போட, நான் ஈயக்குண்டு இறக்கி, ஆயிரத்து நூற்று நாற்பது இடத்தில் இந்த ஏரியை அளந்தேனே, அந்தப் படம். நான் ஆழத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் அந்த இடத்தின் பேரைச் சொல்வார். தச்சன் கல். விதவைக் குழி. மூணு மணி மேடு. பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன். அலுவலகத்தில் பேரையெல்லாம் அழித்துவிட்டு எண்களை மட்டும் அச்சடித்தார்கள். என் பிரதியில் மட்டும் பேர்கள் இருக்கின்றன. வேண்டுமென்றால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

கிளாவ்தியா


வோரோன்யா
பிப்ரவரி 7, 1999

கிளாவ்தியா பெத்ரோவ்னாவுக்கு,

கிழவரை அழைத்து வந்ததற்கு நன்றி. அவர் உங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காததற்கு நான் என்ன சொல்வது? எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

அறுபத்தாறாம் வருஷம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கால்சட்டை போட்ட பொம்பளையை எங்கள் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நீங்கள் துறையில் இறங்கியபோது மீன் புகை போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மத்ரோனா கிழவி, "யாருடி இவ?" என்று கேட்டாள். அண்ணன்தான் சொன்னார், "தையக்காரி. ஏரிக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வந்திருக்கா." அன்றிலிருந்து ஊருக்கே நீங்கள் தையல்காரிதான். தெரியுமோ தெரியாதோ.

சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் நனைந்துபோய் வருவீர்கள். அண்ணன் என்னிடம், "உஸ்தின்யா, இந்த ஏரி சாயுதாம்டி! ஆதி காலத்துல பனிக்கட்டி ஏறி உக்காந்து அமுக்கின பூமி இன்னும் நிமிந்துக்கிட்டே இருக்காம். வடக்கு தூக்குதாம், தண்ணி தெக்கால நகருதாம்" என்று பெருமையாகச் சொல்வார், ஏதோ அவரே தூக்கிவிட்ட மாதிரி. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏரி சாயட்டும், நீ சாயாத" என்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. அடுத்த வருஷம் அண்ணன் படகை எடுத்துக்கொண்டு உங்கள் கரைக்கு வந்துவிட்டார்.

சரி, பழைய கதை. நீங்கள் எழுதியதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. "அந்தப் பரிதவிப்பை ஒரு முறை இந்த வீட்டில் பார்த்துவிட்டேன்" என்றால் என்ன? யார் பரிதவித்தது? அம்மாவுக்காகவா? அப்படிப் பரிதவித்தவர் ஏன் வரவில்லை?

படத்தின் நகல் வேண்டும். விதவைக் குழி எங்கே என்று எங்கள் பையன்களுக்குத் தெரிவதில்லை, வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள்.

உஸ்தின்யா


ஸ்பித்சினோ
மார்ச் 9, 1999

உஸ்தின்யா,

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் வாக்கு வாங்கியிருந்தார். உயிரோடு இருக்கும்வரை காப்பாற்றினேன். இனி என்னால் சுமக்க முடியாது.

உன் அம்மா இறந்த தந்தி தொண்ணூற்று மூன்று பிப்ரவரி பதினைந்தாம் தேதி மத்தியானம் வந்தது. மறுநாள் அடக்கம் என்று இருந்தது. விசா கேட்க வேண்டிய ஊருக்குப் போகவே ஒரு நாள் ஆகும். உன் அண்ணன் அன்று முழுக்க வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். சாயங்காலம் தள்ளுசறுக்கு வண்டியை எடுத்து அடிச்சட்டத்துக்கு மெழுகு தேய்க்க ஆரம்பித்தார். நான் போய் ஐஸில் துளை போட்டு அளந்தேன். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். தாங்கும். ஆனால் காற்று மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்திருந்தது. "உங்க கரையோரம் பிளந்துக்கும்" என்று சொன்னேன். "எங்கம்மாவக் கொண்டுபோற அன்னிக்கா பிளக்கும்?" என்றார்.

விடியுமுன் கிளம்பினார். மூடுபனி இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஐந்து மணி நேரம் ஒற்றைக் காலால் தள்ளிப் போயிருக்கிறார், ஐம்பத்தைந்து வயதில். உங்கள் ஊர் தெரிய ஆரம்பித்தபோது பனி விலகி வெயில் வந்துவிட்டது. கரைக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது விரிசல். நாலைந்து மீட்டர் அகலம், கறுப்புத் தண்ணீர். வடக்கே ஒரு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தார், தெற்கே ஓடிப் பார்த்தார். கடக்க வழியில்லை. திரும்பி வந்து நேர் எதிரே நின்றார். அதற்குள் நீங்கள் பெட்டியை மயானத்து மேட்டுக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள். தொப்பியை எடுத்துவிட்டு முடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறார். கத்தியிருக்கிறார், காற்று எதிரே அடித்தது.

திரும்பி வரும்போது எங்கள் பக்கத்துக் காவல்காரன் பிடித்துவிட்டான். நல்ல பையன், தேநீர் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டான். இடது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் அழுதது விரலுக்கு இல்லை. "உஸ்தின்யா பாத்தா, கிளாவா. கையத் தூக்கிக் காட்டினேன். நேராப் பாத்தா. பாத்துட்டு முதுகக் காட்டித் திரும்பிட்டா." இதையேதான் ஐந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன்: நானூறு மீட்டரில் மனிதன் ஒரு தீக்குச்சித் தலை அளவுதான் தெரிவான், எதிர் வெயில், யாரென்று எப்படித் தெரியும்? தலையாட்டுவார். தபால்காரி சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போவார். நீ எழுதுவாய் என்று அவர் காத்திருந்தார். அவர் எழுதுவார் என்று நீ காத்திருந்தாய் போலிருக்கிறது.

எனக்கு ஒன்று மட்டும் செய். நின்றது அவர் என்று உனக்குத் தெரியாது, அவ்வளவுதானே? அதை ஒரு வரி எழுது. அவர் தலைமாட்டில் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்.

கிளாவ்தியா


வோரோன்யா
ஏப்ரல் 18, 1999

கிளாவா,

"தெரியாது" என்று எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். மூன்று நாள் மேஜையில் கிடந்தது. பிறகு அடுப்பில் போட்டேன். பெரிய நோன்பு முடிந்து போன வாரம்தான் ஈஸ்டர் போயிற்று. இந்த நாளில் பொய் எழுதிக் கல்லறையில் படிக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

தெரியும்.

முகம் தெரியவில்லை. ஆனால் அண்ணன் நிற்கிற நிற்பு எனக்குத் தெரியாதா? இடது தோள் கொஞ்சம் இறங்கி, எடையெல்லாம் ஒரு காலில். தொப்பியைக் கழற்றியபோது சந்தேகமே இல்லை. பக்கத்தில் நின்ற கிலிகேரியா என் முழங்கையை இடித்து, "அங்க நிக்கிறது யாருடி?" என்று கேட்டாள். "யாரோ மீன் புடிக்கிறவன்" என்றேன்.

விரிசல் எங்களுக்குத் தெரியவில்லை, கிளாவா. கரையிலிருந்து பார்த்தால் ஏரி ஒரே வெள்ளை விரிப்பு. ஒரு பிளவு இல்லை, ஒரு கோடு இல்லை. ஏரியை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, மேற்குக் காற்றில் பிளக்கும் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு அது மண்டையில் ஏறவில்லை. அவ்வளவு தூரம் வந்தவன் நாலடி வர மாட்டேன் என்று நிற்கிறான் என்றுதான் தோன்றியது. அம்மா உங்களை வீட்டில் சேர்க்கவில்லை என்ற ரோஷத்தை, அவள் பெட்டி குழிக்குள் போகும்போதும் காட்டுகிறான் என்று நினைத்தேன். கையைத் தூக்கியபோது, 'நீங்கள் வாருங்கள் என்னிடம்' என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பிக்கொண்டேன். மண் போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

உங்களைத்தான் இத்தனை வருஷம் குற்றம் சொன்னேன். அது சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு வாரம் உங்களுக்கென்று தனியாக ஒரு குவளை, ஜன்னல் விளிம்பில், பூனைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததே. வேற்று மதத்துக்காரி வாய் பட்டது என்று அதைச் சாம்பல் போட்டுத் தனியாகக் கழுவச் சொன்னது அம்மா. கழுவியது நான். அண்ணன் ஒரு நாள் வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, அதிலேயே தண்ணீர் மொண்டு குடித்தார். அம்மா அலறினாள். நானும் சேர்ந்து அலறினேன்.

இன்று காலை ஐஸ் உடைந்து கரையில் வீடு உயரத்துக்குக் குவிந்திருக்கிறது. சத்தம் காதைப் பிளக்கிறது. பதில் போடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

உஸ்தின்யா


வோரோன்யா
ஆகஸ்ட் 1, 1999

கிளாவா,

மூன்றரை மாதமாகிறது. தபால் தவறியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

ஈரம் போதாமல் வெங்காயம் இந்த வருஷம் சிறுத்துவிட்டது. பாத்தியை ஏற்றி ஏற்றிக் கட்டி இடுப்பு போயிற்று. தெற்கே தீவில் ஏரி இன்னும் ஒரு வேலி தூரம் ஏறி வந்திருக்கிறதாம், கிலிகேரியாவின் மருமகன் சொன்னான். நீங்கள் அன்று சொன்னதுதான் நடக்கிறது.

தபால்காரி மணியடித்தால் நானும் வாசலுக்குப் போகிறேன். அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

உஸ்தின்யா


ஸ்பித்சினோ
நவம்பர் 20, 1999

உஸ்தின்யா,

உன் இரண்டு கடிதமும் வந்தன.

ஏப்ரல் கடிதத்தை அவரிடம் எடுத்துப் போகவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்லறை வாசல்வரை நாலு முறை போனேன், திரும்பிவிட்டேன். என்னவென்று படிப்பது? 'நீ சொன்னதுதான் சரி, உன் தங்கை உன்னைத் தெரிந்துதான் திரும்பினாள்' என்றா? ஐந்து வருஷம் நான் போட்ட கணக்கெல்லாம் பொய்யாகிப் போனது. கோடை முழுக்க உன்னை வெறுத்தேன். சமைக்கும்போது, நீர்மட்டம் குறிக்கும்போது, உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நீ எதற்கும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் வருஷ திவசம். அந்தக் கிழவர் திரும்ப வந்து பாடினார். கிழவர் போன பிறகு கல்லறையில் தனியாக உட்கார்ந்து கடைசியில் முழுசும் படித்துவிட்டேன். குவளை வரை. அதில் தண்ணீர் குடித்ததை உன் அண்ணன் என்னிடம் சொன்னதே இல்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்து, செத்துப்போன மனுஷனைப் பற்றி எனக்கு ஒரு புதுச் செய்தி வருகிறது, அதுவும் உன்னிடமிருந்து. சிரித்துவிட்டேன், உஸ்தின்யா. அழுதுகொண்டேதான்.

நீ பொய் எழுதியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அதை நினைத்தும் உன்மேல் கோபம் வருகிறது, அதை நினைத்தே கோபம் குறையவும் செய்கிறது.

கேள். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி பதினாறாம் தேதி அவர் தள்ளுசறுக்கு வண்டியில் எல்லைக் கம்புவரை போவார். அதற்கு அனுமதி தருவார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். இந்த முறை நான் போகிறேன். நீயும் வா. உன் தேசத்தில் நீ நில், என் தேசத்தில் நான் நிற்கிறேன். விசா வேண்டாம், உங்கள் காவல்காரர்களிடம் முன்கூட்டிச் சொன்னால் போதும். உங்கள் மயானத்து மேட்டையும் எங்கள் அளவுக் கம்பத்தையும் நேர்கோட்டில் சேர்த்தால் பதினேழாவது கிலோமீட்டர். மத்தியானம் பன்னிரண்டு மணி. ஐஸ் நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வராதே.

கடிதத்தில் அனுப்ப முடியாத ஒன்றை உனக்குத் தர வேண்டியிருக்கிறது.

கிளாவ்தியா


வோரோன்யா
பிப்ரவரி 18, 2000

அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்? இந்த வயசில் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்காவது எங்கள் ஊர் மீனவன் யெஃபிமின் பெரிய சக்கர மோட்டார் வண்டி இருந்தது. அவன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்: "எதுக்கு இந்தப் பயணம்? மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல." அங்கே நடந்ததைப் பார்த்த பிறகு, குலுங்காமல் மெதுவாக ஓட்டினான்.

தூரத்தில் ஒரு புள்ளி நகர்ந்து வருவதைப் பார்த்தபோது வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். நடை வேறே, உயரம் வேறே. ஆனால் அந்தத் திசையிலிருந்து அந்த வண்டி வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த முறை கண்ணை எடுக்கக் கூடாது என்று நின்றேன். பனிக்கூச்சத்தில் கண்ணீர் வழிந்தது, எடுக்கவில்லை.

நீங்கள் கையுறையைக் கழற்றியபோது கை கொடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்து நானும் கழற்றினேன். என்ன அறை, அண்ணி! பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் அது தீ மாதிரி விழுந்தது. இரண்டு நாளாகியும் தாடைப் பக்கம் கன்றியிருக்கிறது. கடிதத்தில் அனுப்ப முடியாதது இதுதான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் சால்வையைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

ஒன்று யோசித்தீர்களா? அண்ணனைத் தவிர நம் குடும்பத்தில் யாரும் உங்களைத் தொட்டதில்லை. உங்கள் கையும் எங்கள் மேல் பட்டதில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை பட்டது அப்படித்தான் பட்டது. அடுத்த நொடியே அதே கையால் என் தலையை இழுத்து உங்கள் கழுத்தில் வைத்துக்கொண்டீர்களே. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. உங்கள் கம்பளிக் கோட்டில் எங்கள் அண்ணன் வாசனை, புகையும் தாரும் கலந்து, இன்னும் இருந்தது. உங்கள் பக்கத்துக் காவல்காரப் பையன், "அம்மா, எல்லைக் கோட்டத் தாண்டிட்டீங்க" என்றான். நீங்கள் என் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்து, "எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ" என்றது எனக்குக் கேட்டது. எங்கள் பக்கத்து ஆள் முதுகைக் காட்டிச் சிகரெட் பற்றவைக்கப் பத்து குச்சி செலவழித்தான். காற்றே இல்லாத நாளில்.

யெஃபிம் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நேற்று கிலிகேரியா வெங்காயச் சரம் கட்ட வந்தவள், விளக்கடியில் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, கன்னத்துல?"

"எங்க அண்ணி குடுத்தது" என்றேன்.

"எந்த அண்ணி?"

அறை முழுக்கப் பெண்கள். எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் உங்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை, நான் உட்பட.

"எந்த அண்ணின்னா? எங்க மகார் அண்ணன் பொண்டாட்டி, கிளாவா. எனக்கு இருக்கிறதே ஒரே அண்ணிதான்" என்றேன்.

கிலிகேரியா சரத்தை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "பலமான கைதான்" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்கு நாளைக்கு எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்,
உஸ்தின்யா